துருக்கிப் பள்ளிகளில் பாட்டு: பிள்ளையின் காதுக்கும் கையிலுள்ள குழலுக்கும் நடுவே இரண்டு கொமா

கேள்வி இது: துருக்கியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு எப்படி நடக்கிறது? எந்தக் கருவி, எந்தப் பாட்டு? நம் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு துருக்கி நாட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் எங்கே சிக்கும்?

சிக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் விளங்கும்.

நாட்டுப்பாட்டுக்கு அங்கே துர்கு என்று பெயர். அனடோலியாவின் (துருக்கியின் ஆசியப் பகுதி) துர்குகளில் மிகப் பல ஹுசெய்னி, உஷ்ஷாக் என்ற மகாம்களின் சாயலில் அமைந்தவை. மகாம் ஏறக்குறைய நம் ராகம் மாதிரி. ஸ்வர வரிசை மட்டுமல்ல, எங்கே நிற்பது, எப்படி இறங்கி முடிப்பது எல்லாம் அதில் அடக்கம். இந்த இரண்டிலும் பாட்டு வந்து முடியும் ஸ்வரம் 'லா' (டோ, ரே, மி, ஃபா, ஸோல், லா, ஸி என்பவை அங்கே ஸ்வரப் பெயர்கள்). அதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அடுத்துள்ள 'ஸி' நமக்கு ரிஷபம். பியானோவில் 'ஸி' அடித்தால் சதுஸ்ருதி ரிஷபம், 'ஸி பெமோல்' (அரை ஸ்வரம் இறக்கிய ஸி) அடித்தால் சுத்த ரிஷபம். துர்கு கேட்பது இரண்டுக்கும் நடுவில், சதுஸ்ருதிக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு ஸ்வரத்தை. ஸ்வரத்தாளில் பெமோல் குறியின் மேல் சின்னதாக 2 என்று போட்டிருப்பார்கள். இரண்டு கொமா இறக்கு என்று பொருள். ஒரு ஸ்தாயியை 53 கொமாவாகப் பிரிப்பது அவர்கள் கணக்கு. ஒரு முழு ஸ்வர இடைவெளி 9 கொமா. அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று வைத்து, ஒரு கொமா சுமார் 22.6 சென்ட் என்றால் இரண்டு கொமா சுமார் 45 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

கல்யாண வீட்டிலும் வானொலியிலும் பிள்ளை கேட்டு வளர்வது இந்த ஸ்வரத்தை. பள்ளியில் அதன் கையில் கொடுப்பதோ பிளாக் ஃப்ளூட் (பிளாஸ்டிக் குழல், நாம் ரெக்கார்டர் என்போம்) அல்லது வாயால் ஊதிக்கொண்டே கட்டை அழுத்தும் மெலோடிகா. இரண்டிலும் அந்த ஸ்வரம் கிடையாது. 'ஸி' வாசித்தாலும் பிசகு, 'ஸி பெமோல்' வாசித்தாலும் பிசகு. வீட்டில் தாத்தாவோடு சரியாகப் பாடும் பிள்ளை பள்ளியில் அதே பாட்டைக் குழலில் தப்பாக வாசிக்கிறது. தப்பு பிள்ளையுடையது அல்ல. துருக்கிப் பள்ளி இசையின் நூறாண்டு வழக்கு இந்த இரண்டு கொமாவில் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த நிலை எப்படி வந்தது? குடியரசு பிறந்த மறு ஆண்டே, 1924இல், இசை ஆசிரியர்களை உருவாக்க அங்காராவில் முஸிகி முஅல்லிம் மெக்தெபி என்ற பள்ளியைத் திறந்தார்கள். பாடத்திட்டம் மேற்கத்திய இசை: பியானோ, வயலின், சேர்ந்திசை. 1926இல் இஸ்தான்புல் இசைப்பள்ளியான தாருல்எல்ஹானில் துருக்கி மரபிசை கற்பிக்கும் பிரிவை மூடினார்கள். 1935இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பவுல் ஹிண்டெமித்தை ஆலோசகராக அழைத்தார்கள். அடுத்த ஆண்டு அங்காரா அரசு இசைக் கல்லூரி வந்தது. ஆசிரியர் பயிற்சி காஸி கல்விக் கழகத்துக்கு மாறியபின் அங்கே இசைத் துறையை நீண்ட காலம் நடத்தியவர் எட்வார்ட் ஸுக்மாயர் என்ற ஜெர்மானியர். மரபிசைக்கென்று ஓர் அரசு இசைக் கல்லூரி இஸ்தான்புல்லில் வந்தது 1970களின் நடுவில்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் பள்ளிக்குப் போன இசை ஆசிரியர்கள் பியானோ வழியாகக் காது பழகியவர்கள். நாட்டுப்பாட்டை அவர்கள் வெறுக்கவில்லை, தேடித்தேடிச் சேகரித்தார்கள். 1936இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் தென் துருக்கியின் அதனா பக்கம் பாட்டுப் பதிவுக்குப் போனபோது கூடப் போனவர் துருக்கி இசையமைப்பாளர் அகமத் அத்னான் சைகுன். ஆனால் சேகரித்த பாட்டு வகுப்பறைக்கு வரும்போது பன்னிரண்டு ஸ்வரச் சட்டத்துக்குள் நுழைந்துதான் வந்தது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல காலமும் இருந்தது. 1940இல் சட்டம் இயற்றித் தொடங்கிய கிராமக் கழகங்கள், துருக்கியில் கெய் என்ஸ்டிட்யூலெரி. நாடு முழுதும் 21 இடங்களில் கிராமத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். 1954இல் மூடும்வரை அங்கே இசை ஓரத்துப் பாடமாக இருக்கவில்லை. காலையில் உடற்பயிற்சிக்குப் பதில் நாட்டுப்புற ஆட்டம். ஒவ்வொரு மாணவரும் ஒரு கருவி பழகியாக வேண்டும், பெரும்பாலும் மாண்டலின். ஏன் மாண்டலின்? விலை குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், கழுத்தில் மெட்டு (வீணையில் உள்ளது போல, விரலுக்கு இடம் காட்டுவது) கட்டியிருப்பதால் விரல் வைத்த இடத்தில் ஸ்வரம் நிற்கும், தந்திகள் ஸோல்-ரே-லா-மி என்று வயலினைப் போலவே சுருதி கூட்டப்படுவதால் வயலின் தெரிந்த ஆசிரியர் அப்படியே கற்பிக்கலாம். ஐம்பது பேருக்கு ஓர் ஆசிரியர் போதும். ஆனால் மாண்டலின் மெட்டும் பன்னிரண்டுதான். அதே கழகங்கள் சிலவற்றில் கண்பார்வையற்ற நாட்டுப்புறக் கவிஞர் ஆஷிக் வெய்ஸெல் சாஸ் என்ற நீளக் கழுத்துத் தந்திக் கருவியைக் கற்பித்தார். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் மாண்டலின், இன்னொரு பக்கம் கொமா மெட்டுள்ள சாஸ். இரண்டும் கூடி நடந்த அந்த ஏற்பாடு நீடித்திருந்தால் இன்றைய வகுப்பறை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி இன்றைய பள்ளி. நான்கு ஆண்டுத் தொடக்கப்பள்ளி, நான்கு ஆண்டு நடுநிலை. இரண்டிலும் வாரத்துக்கு ஒரே ஓர் இசை வகுப்பு, 40 நிமிடம். முதல் நான்கு வகுப்புக்கு இசையைச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர். இசை ஆசிரியர் வருவது ஐந்தாம் வகுப்பிலிருந்து. அதனால் ஐந்தாம் வகுப்பு முதல் நாளில் ஒரு பிள்ளை ஸ்வரம் படிக்கும், இன்னொன்றுக்கு 'டோ' என்றால் என்னவென்றே தெரியாது.

திங்கள் காலை முதல் வகுப்புக்கு முன்னும் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்குப் பின்னும் முற்றத்தில் கொடி ஏற்றி, இஸ்திக்லால் மார்ஷி என்ற தேசிய கீதத்தைப் பாடுவார்கள். மெஹ்மத் ஆகிஃப் எர்சோய் எழுதியது, 12 மார்ச் 1921இல் நாடாளுமன்றம் ஏற்றது. பத்துப் பாடல் பகுதிகள், 41 வரி. பாடுவது முதல் இரண்டு பகுதி மட்டும். இன்றைய மெட்டு ஒஸ்மான் ஸெகி உன்கோர் அமைத்தது, 1930 முதல் புழக்கத்தில் உள்ளது. அதற்கு முன் வேறொரு மெட்டு இருந்தது.

பிள்ளைகளுக்கு இது கடினமான பாட்டு. மெட்டு ஒரு ஸ்தாயியைத் தாண்டுகிறது. கீழே வசதியாக எடுத்தால் முதல் சொல்லே கேட்காது, மேலே எடுத்தால் உச்சியில் கத்தல்தான். அதைவிடப் பெரிய சிக்கல், மெட்டு மூச்சு விடும் இடமும் சொல் முடியும் இடமும் ஒத்துப்போவதில்லை. 'ஷஃபக்லர்தா' (வைகறைகளில்) ஒரே சொல். மெட்டு 'ஷஃபக்' என்று நிறுத்திவிட்டு 'லர்தா'வை அடுத்த மூச்சுக்குத் தள்ளுகிறது. 'மில்லெதிமின்' (என் நாட்டினத்தின்) 'மில்' என்று ஒடிகிறது. துருக்கி இசை ஆசிரியர்கள் இதை ப்ரோஸோடிப் பிழை என்பார்கள். நம் வழக்கில் சொன்னால் பதம் பிரிப்பதில் கோளாறு. முதல் வகுப்புப் பிள்ளை 'லர்தா'வைத் தனிச்சொல் என்றே நினைத்துக்கொள்கிறது. நல்ல ஆசிரியர் மெட்டைத் தொடுமுன் வரிகளை இரண்டு மூன்று முறை பேச்சாகச் சொல்லவைத்து, பொருள் சொல்லி, அதன்பிறகே பாடவைப்பார். இன்னொன்று: முற்றத்தில் ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் வரிசைக்குப் பாட்டு பத்தில் ஒரு நொடி தாமதமாகவே போய்ச் சேரும். அவர்கள் காதை நம்பிப் பாடினால் பின்வரிசை இழுத்துக்கொண்டே வரும். அதனால்தான் ஆசிரியர் உயரமான இடத்தில் நின்று கையசைக்கிறார். பின்வரிசை கையைப் பார்த்துப் பாட வேண்டும்.

ஆண்டு முழுதும் என்ன பாட்டு என்பதைப் பாடநூலைவிட நாட்காட்டியே முடிவு செய்கிறது. பள்ளி திறக்கும்போது முதல் வகுப்புக்கு ஒரு வரவேற்புப் பாட்டு உண்டு: நேற்றுவரை அம்மா கையில் இருந்தோம், இன்று வகுப்பை நிறைக்கிறோம் என்ற பொருளில். மெட்டைக் கேட்டால் உங்களுக்கும் தெரியும், 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். அக்டோபர் 29 குடியரசு நாளுக்கு 1933இல் ஜெமால் ரெஷித் ரேய் அமைத்த பத்தாம் ஆண்டு அணிநடைப் பாட்டு. நவம்பர் 10 காலை 9:05க்குச் சங்கொலி, குடியரசை நிறுவிய அட்டாடுர்க் நினைவு. நவம்பர் 24 ஆசிரியர் நாள். ஏப்ரல் 23 குழந்தைகள் நாள், மே 19 இளைஞர் நாள். மே 19க்குப் பாடும் இளைஞர் அணிநடைப் பாட்டின் மெட்டு ஸ்வீடனில் பிறந்தது. உடற்பயிற்சி படிக்க அங்கே போன செலிம் சிர்ரி தர்ஜான் கொண்டுவந்தார். இப்படி விழாவுக்கு விழா ஒத்திகையிலேயே வாரத்துக்கு ஒன்றான அந்த வகுப்பும் கரைந்துவிடுகிறது.

குழலுக்கு வருகிறேன், வாங்கும்போதே பிழை நேரும் இடம் இது. பிளாக் ஃப்ளூட்டில் ஜெர்மன் துளை அமைப்பு, பரோக் துளை அமைப்பு என்று இரண்டு வகை. முன்பக்கம் மேலிருந்து நான்காம் துளையையும் ஐந்தாம் துளையையும் பாருங்கள். நான்காவது பெரிதாக இருந்தால் ஜெர்மன், ஐந்தாவது பெரிதாக இருந்தால் பரோக். ஜெர்மன் வகையில் 'ஃபா' எளிது, வரிசையாக விரலை மூடினால் போதும். அதற்கு விலையாக 'ஃபா தியெஸ்' (அரை ஸ்வரம் ஏற்றிய ஃபா) பிசகும். ஹுசெய்னிக்கு அந்த 'ஃபா தியெஸ்' வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு வகையும் கலந்திருந்தால் ஆசிரியர் காட்டும் விரல் பாதிப் பேருக்குத் தப்பாகும். எல்லாருக்கும் பரோக் என்று முதல் வாரமே எழுதி அனுப்புவது நல்லது.

முதலில் ஸி, லா, ஸோல் என்று இடக்கை ஸ்வரங்கள் மூன்று. இடக்கைதான் மேலே. பாதிப் பிள்ளைகள் வலக்கையை மேலே வைப்பார்கள், அதை அன்றே திருத்தாவிட்டால் வலக்கை ஸ்வரங்கள் வரும் மாதத்தில் எல்லாவற்றையும் மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கும். கிரீச்சிட்டால் இரண்டு காரணம்தான்: பலமாக ஊதுவது, இல்லாவிட்டால் பின்பக்கத் துளையில் கட்டைவிரல் சரியாக மூடாதது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் 'து' என்று தொட்டு எடுக்க வேண்டும். வெறுமனே 'ஹு' என்று ஊதினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு வரும். பத்து நிமிடத்தில் உள்ளே ஈரம் கோத்து ஒலி அடைபடும். வாய்ப்பக்கத்து ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு ஒரு முறை வேகமாக ஊதினால் தெளிந்துவிடும்.

கொமா வேண்டுமென்றால் பாலமாவிடம் போக வேண்டும். சாஸ் என்பதும் அதுவே: பேரிக்காய்ப் பாதி போன்ற குடம், நீளக் கழுத்து, மூன்று வரிசையில் ஏழு தந்தி. கழுத்தில் மெட்டுகளை நைலான் நரம்பால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஒரு ஸ்தாயிக்குள் 17 இடம். பியானோவில் இல்லாத அந்த 'ஸி' இதில் தனி மெட்டாக இருக்கிறது. குட்டைக் கழுத்து வகையில் கீழிருந்து லா-ரே-மி என்று சுருதி கூட்டுவார்கள், நீளக் கழுத்தில் லா-ரே-ஸோல். வகுப்பில் இரண்டு வகையும் கலந்தால் குழப்பம். பத்து வயதுப் பிள்ளைக்குக் குட்டைக் கழுத்துதான் கைக்கு எட்டும். கட்டிய மெட்டு நகரும் என்பதே இதன் வரமும் வினையும். பையில் போட்டு எடுக்கும்போது ஒரு மெட்டு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த ஸ்வரம் கெடும். சரியாக இருக்கும் நாளிலேயே கழுத்தின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால் பிறகு தேட வேண்டாம்.

சேர்ந்திசையிலும் இதே சிக்கல் உண்டு. மேற்கத்திய முறையில் மூன்று ஸ்வரம் அடுக்கிச் சுருதி சேர்த்தால் முடிவுக்கு முன் வரும் 'மி' அடுக்கில் 'ஸி' வந்தே தீரும், அங்கே கொமா இடிக்கும். கெமால் இலெரிஜி என்பவர் பாலமாவின் தந்திச் சுருதியையே பார்த்து, நான்காம் ஸ்வர இடைவெளிகளை அடுக்கும் ஒரு முறையை வகுத்தார். அவரிடம் படித்த முஅம்மெர் சுன் பள்ளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நிறைய எழுதினார். துர்குவைப் பள்ளிச் சேர்ந்திசைக்குக் கொண்டுவர நான் கண்டதில் மனசுக்கு ஒத்துவரும் வழி இதுதான்.

தாளத்தில் உங்கள் பிள்ளைகள் துருக்கிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கமாட்டார்கள். தாளச் சுழற்சிக்கு உசூல் என்று பெயர். இரண்டு முழங்காலிலும் கையால் தட்டிக் கற்பிப்பார்கள்: 'தும்' என்றால் வலக்கை, 'தெக்' என்றால் இடக்கை, 'தெ-கெ' என்றால் வலம், இடம். ஏழு எண்ணிக்கை உசூல் ஒன்றின் பெயரே தெவ்ரி ஹிந்தி, 'இந்தியச் சுழற்சி'. அதன் கணக்கு 3+2+2: தும் தெக் தெக், தும், தெக். நம் மிஸ்ர சாபுவைத் தகிட தக திமி என்று சொல்லிப் பாருங்கள், தட்டு விழும் இடம் ஒன்றே. இதைத் திருப்பிப் போட்டால் 2+2+3, அது தெவ்ரி துரான். ஐந்து எண்ணிக்கைக்குத் துர்க் அக்ஸாயி, கண்ட சாபுவைப் போல 2+3.

கவனம் வேண்டியது ஒன்பது எண்ணிக்கை அக்ஸாக்கில். துருக்கி ஆட்டப்பாட்டுகளில் மிகுதியாக வருவது இது. தும் இரண்டு, தெ-கெ ஒவ்வொன்று, தும் இரண்டு, தெக் இரண்டு, தெக் ஒன்று. கணக்கு 2+2+2+3, அதாவது தக தக தக தகிட. பிள்ளைகள் கடைசித் தகிடவை அவசரத்தில் தக ஆக்கிவிடுவார்கள், பாட்டு ஆதி தாளமாகச் சப்பென்று ஆகிவிடும். வாயால் எண்ணித் திருத்துவதைவிடக் காலால் திருத்துங்கள்: வட்டமாக நிறுத்தி மூன்று சின்ன அடி, நான்காவது நீள அடி. கால் பழகிவிட்டால் வாய் தப்பாது.

இனி உங்கள் 40 நிமிட வகுப்பு. பாட்டைத் தேர்வு செய்யும்போது ஸ்வரத்தாளில் பெமோல் மேல் எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத பெமோல் என்றால் ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் உள்ள சாதாரண ஸ்வரம். முதல் பாட்டுக்கு அப்படி ஒன்றை எடுங்கள். எண் 2 உள்ள பாட்டையே பாட ஆசைப்பட்டால் ஆர்மோனியத்தை மூடிவையுங்கள், அது மெலோடிகா செய்யும் பிழையையே செய்யும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் சுருதி மாற்றும் வசதி உள்ள கீபோர்டு என்றால் அந்த ரிஷபத்தை மட்டும் 45 சென்ட் இறக்கிக்கொள்ளலாம். துருக்கிக் கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிப்பவர்கள் செய்வதும் இதைத்தான். இறங்கி முடியும்போது அந்த ஸ்வரம் இன்னும் சற்றுத் தாழும். அதை எண்ணால் சொல்ல முயல வேண்டாம், நல்ல பாடகர் ஒருவரின் பதிவைப் பத்து முறை கேட்கவிடுங்கள்.

தாள் 'லா'வில் இருந்தாலும் பாடும் சுருதி உங்கள் வசதி. பத்து, பதினொரு வயதுக்கு 2 கட்டை பொருந்தும். முதல் பத்து நிமிடம் தாளம் மட்டும், காலும் முழங்காலும். அடுத்த பத்து நிமிடம் சொற்களைத் தாளத்தில் பேசுவது, மெட்டு இல்லாமல். பிறகு வரி வரியாக நீங்கள் பாட அவர்கள் திருப்பிப் பாடுவது, ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம். நம் பிள்ளைகள் செய்யும் தவறு வேறு மாதிரி: ரிஷபம் ஊசலாடும் இடத்தில் இருப்பதைக் காது உணர்ந்ததும் கமகம் கொடுத்து அசைப்பார்கள். அசைக்காமல் நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். துர்குவில் அழகு செய்வது ஸ்வரத்தைச் சட்டென்று பக்கத்து ஸ்வரம் உரசிப் போவது, அதுவும் இரண்டாம் மாதத்துக்கு.

உச்சரிப்பில் எல்லாரும் பயப்படும் எழுத்து ஒன்று உண்டு, புள்ளியில்லாத 'ஐ'. தமிழனுக்கு அது கைவந்த ஒலி. 'பந்து', 'காற்று' என்று பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் குறைந்து ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் ஏறத்தாழ அது. மேலே இரண்டு புள்ளி வைத்த 'ஓ'வுக்கு 'எ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவிக்க வேண்டும், இரண்டு புள்ளி வைத்த 'யு'வுக்கு 'இ' சொல்லிக்கொண்டே குவிக்க வேண்டும். மேலே வளைவு போட்ட 'ஜி'க்குத் தனி ஒலி இல்லை, முந்தைய உயிரை நீட்டும், அவ்வளவே. பாலமாவில் 'பா' நீள்வதும் அதனால்தான்.

மேடையில் கருவி வேண்டும் என்றால் வயலினைக் கூப்பிடுங்கள். மெட்டு இல்லாத கழுத்தில் இரண்டு கொமா ஒரு பிரச்சினையே இல்லை. பதிவை இரண்டு நாள் கேட்டுவிட்டு வந்தால் வாசிப்பவரின் விரல் தானாக அந்த இடத்தில் போய் உட்காரும். அங்கே விரலை ஆட்ட வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.